பல்லி இல்லாத ஊரில் கேட்ட உத்தரவு

1

நான் ஒரு முட்டாள் என்பதை என் மனைவி இங்கிலீஷிலும் என் மகள் வெல்ஷிலும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தமிழில் சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

வானத்தின் வாயை என் கையாலேயே அடைத்துவிட்டு, மூன்று நாள் விடியற்காலையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டு, "ஒரு சத்தமும் வரவில்லை" என்று ஊருக்குத் தந்தி கொடுத்தவன் நான். அந்தத் தந்தியால் என் அக்கா மகள் பூங்காவனத்தின் கல்யாணப் பேச்சு நின்றது. பிறகு தப்பு தெரிந்து திருத்தினேன். திருத்தியதுதான் பெரிய முட்டாள்தனம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இன்று காலையில் இங்கே இடி இடித்தது. மலைமேல் ஓடிப்போய் ஸ்விட்சைக் கீழே தள்ளினேன். மழை விட்டதும் மேலே தூக்கினேன். வீட்டுக்கு வந்து தேநீரில் வாய் வைத்தேன். மனசு கேட்கவில்லை. மறுபடி மேலே போய்ப் பார்த்தேன். திரும்பி வந்தால் மகள் எலன் வாசலில் நிற்கிறாள்.

"அப்பா, இது மூணாவது தடவை. அந்த ஸ்விட்ச் எங்கேயும் ஓடிப்போகாது" என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும்? அது ஒரு தடவை தலைகீழாக நின்றதில் ஒரு முந்திரிக் காடு போயிற்று.

2

நான் இந்த ஊருக்கு வந்தது எந்தப் பெரிய காரியத்துக்காகவும் இல்லை. சென்னையிலிருந்து சரக்குக் கப்பலில் சமையல்கட்டு எடுபிடியாக வந்தேன். வேல்ஸ் கரையில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கப்பல் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. கஞ்சி ஊட்டிய பெண் மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை. அவள் பெயர் மார்கரெட். ஊருக்கு எழுதும்போது தைரியம் வராமல் "மரகதம் என்று ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டேன்" என்று எழுதினேன். எலன் பிறந்தபோது "எல்லம்மாள் பிறந்திருக்கிறாள்" என்று எழுதினேன். அக்கா அங்கே மரகதம், எல்லம்மாள் இருவர் பெயரிலும் அர்ச்சனை செய்துகொண்டிருந்தாள். எல்லம்மாளோ இங்கே ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். தமிழில் அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை "போதும்". அதையும் நான் அவள் தட்டில் சோறு வைக்கும்போது மட்டும்தான் சொல்வாள்.

என் வேலையைச் சொல்கிறேன். மலைமேல் ஒரு மரக் குடில். அதிலிருந்து கம்பத்துக்குக் கம்பம் நீளமாகக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறது. அந்தக் கம்பியில் வருவதைப் பெரிதாக்கிக் காதுக்குழலில் கேட்க ஒரு கருவி. வானொலிப் பேச்சோ பாட்டோ எதுவும் இதில் வராது. மனிதர் யாரும் அனுப்பாத சத்தங்கள்தான் வரும். கம்பிக்குக் கீழே புல் வெட்டுவதும், தேநீர் போடுவதும், இடி வந்தால் ஸ்விட்சைத் தள்ளுவதும் என் உத்தியோகம். விடியற்காலையில் எழுந்திருக்க, அந்தக் குடிலை நடத்தும் ஹியூஸ் துரைக்குப் பிடிக்காது என்பதால், அந்த நேரத்தில் வானத்தைக் காது கொடுத்துக் கேட்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

முதல் நாள் காதுக்குழலை மாட்டியபோது கடலை வறுக்கிற மாதிரிப் படபடவென்று கேட்டது. "எங்கெங்கேயோ வெட்டுகிற மின்னல்" என்றார் துரை. பிறகு ஒரு சீழ்க்கை. உச்சியில் தொடங்கி வழுக்கிக்கொண்டே இறங்கி அடியில் போய் அடங்கியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"யாரு சார் அடிக்கறது?"

"யாருமில்லை. அதுவும் மின்னல்தான். ஆனால் இது காற்றுக்கு மேலே எங்கேயோ போய்ச் சுற்றிவிட்டு வருகிறது. எவ்வளவு உயரம் போகிறது என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது" என்றார்.

எனக்குப் புரியும்படி நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அரியலூர் சந்தையிலிருந்து எல்லா வண்டியும் ஒன்றாகத்தான் கிளம்பும். குதிரை வண்டி முதலில் ஊர் சேரும். மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி கடைசியில் வரும். மின்னலின் சத்தத்திலும் கீச்சுக் குரல் முந்திக்கொள்கிறது, கட்டைக் குரல் பின்தங்குகிறது. அதனால்தான் நமக்குக் கேட்கும்போது சீழ்க்கை மேலிருந்து கீழே இறங்குகிறது. துரையிடம் சொன்னேன். "மாட்டு வண்டியை நான் யோசிக்கவில்லை" என்று சிரித்தார்.

விடியற்காலையில் இன்னொன்று கேட்கும். குருவிக் கூட்டம் விழித்துக்கொண்டது போல ஒரே கீச்சு மூச்சு. சூரியனில் ஏதாவது கலவரம் நடந்த நாட்களில் அது அதிகம் என்பார் துரை. எனக்கு அதைக் கேட்டால் ஆண்டிமடத்தில் எங்கள் அக்கா வீட்டு முந்திரிக் காடுதான் ஞாபகம் வரும். பழம் விழும் மாசத்தில் அணிலும் கிளியும் பொழுது விடியுமுன்னே போடும் கூச்சல் அப்படியே இருக்கும்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து "போயிட்டு வரேன் சார்" என்பதை இங்கிலீஷில் அப்படியே சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். துரை பாவம், நான் திரும்பி வருவேன் என்று முதல் வாரம் முழுக்கக் குடிலைப் பூட்டாமல் காத்திருந்தாராம்.

3

போன வருஷம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. செல்லம்மாள் அக்காவுக்கு எழுதத் தெரியாது. அவள் புருஷன் செத்த பிறகு அவர் தம்பி அய்யாக்கண்ணுதான் அவளுக்காக எழுதுவார். பூங்காவனத்துக்குப் பாடாலூரில் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகவும், நல்ல இடம், நல்ல குணம் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் அக்கா சொன்னதாக ஒரு வரி. பிறந்த வீட்டு உத்தரவு இல்லாமல் பெண்ணைக் கொடுக்க மாட்டாளாம். தாய்மாமன் எந்தச் சீமையில் இருந்தாலும் கிழக்கே பார்த்து உட்கார்ந்து, பல்லி சொல்லக் கேட்டு, அதை எழுத வேண்டுமாம்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. சூடம் கொளுத்திவிட்டு உட்கார்ந்தால் சுவரில் எங்கேயாவது பல்லி சொல்லும். சொன்னால் சம்மதம். சொல்லாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட வேண்டியதுதான். பிறந்த வீட்டில் மிச்சமிருக்கும் ஆம்பிளை நான் ஒருவன்தான்.

ஆனால் வேல்ஸில் வீட்டுச் சுவரில் பல்லி கிடையாது. குளிரில் அது எப்படி இருக்கும்? அடுப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

"என்ன தேடறே?" என்று கேட்டாள் மார்கரெட்.

"பல்லி."

"வந்தா என்ன பண்ணுவே?"

"கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேப்பேன்."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த கை அல்லவா.

அப்போதுதான் எனக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. பல்லி இல்லாவிட்டால் என்ன? மேலேயிருந்து தானாக வருகிற குரல் ஒன்று தினமும் என் காதில் கேட்கிறதே. இதைவிடச் சுத்தமான உத்தரவு ஆண்டிமடத்தில் யாருக்குக் கிடைக்கும்?

4

மூன்று விடியற்காலை உட்கார்ந்தேன். குளித்து, கிழக்கே பார்த்து, காதுக்குழலை மாட்டிக்கொண்டு. துரையின் குடிலில் சூடம் கொளுத்தினால் வேலை போய்விடும் என்று தீக்குச்சி ஒன்றைக் கிழித்து மனசுக்குள் சூடம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. சீழ்க்கையும் இல்லை, குருவியும் இல்லை. வழக்கமான கடலை வறுக்கிற சத்தம்கூட இல்லை. கருவியின் ரீங்காரம் மட்டும் ஒரே சீராக இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்குப் பயமே வந்துவிட்டது. மின்னல்கூட வாயைத் திறக்கவில்லையென்றால் சாமிக்கு எவ்வளவு கோபம் இருக்கும்!

இங்கே ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். பயத்துக்கு அடியில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. உத்தரவு கிடைத்தால் தாய்மாமன் நான் சீர் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். மரகதத்தையும் எல்லம்மாளையும் கூட்டிப் போக வேண்டும். மரகதம் படியேறி வந்தால் அவள் எந்த ஊர் மரகதம் என்று கண் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரிந்துவிடும். வானம் பேசாமல் இருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, சுற்றிலும் ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"உத்தரவு இல்லை" என்று தந்தி கொடுத்தேன். பேச்சு நின்றது.

5

ஒரு வாரம் கழித்து ஹியூஸ் துரை குடிலுக்கு வந்தார்.

"காலையெல்லாம் எப்படி இருந்தது?"

"ஒன்னுமே இல்ல சார். நான் கேட்ட மூணு நாளும் சுத்தமா அமைதி."

அவர் முகம் மாறியது. "அப்படி இருக்க முடியாதே. வடக்கே என் சிநேகிதன் கேட்டிருக்கிறான். அந்த மூன்று நாளும் வானம் கத்தித் தீர்த்ததாம். அப்படி ஒரு விடியலை அவன் கேட்டதே இல்லையாம்."

பிறகு சுவரைப் பார்த்தார். ஸ்விட்ச் கீழே இருந்தது.

இதை விளக்கிவிடுகிறேன். அந்தக் கைப்பிடி மேலே இருந்தால் கம்பியில் வருவது கருவிக்குப் போகும். கீழே தள்ளினால் நேராகத் தரையில் புதைத்த இரும்புக் கோலுக்குப் போய்விடும். இடி விழுந்தால் கருவி கருகாமல் இருக்க அந்த ஏற்பாடு. நான் சாமியிடம் கேட்க உட்கார்ந்ததற்கு முந்தின சாயங்காலம் இடி இடித்தது. தள்ளினேன். தூக்க மறந்தேன்.

துரை நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரெங்கு, நீ மூணு நாள் மண்ணைக் கேட்டிருக்கிறாய்!"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மலையிறங்கியவனுக்கு வழியில்தான் உறைத்தது. சாமி மூன்று நாளும் தொண்டை கிழியச் சம்மதம் சொல்லியிருக்கிறது. நான் காதைப் பொத்திக்கொண்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையை நிறுத்தியிருக்கிறேன். அதுவும் என் சௌகரியத்துக்காக.

அன்றைக்கே இரண்டாவது தந்தி கொடுத்தேன். "முன் தந்தி பிழை. உத்தரவு உண்டு. நானும் வருகிறேன்." தபால் ஆபீஸிலிருந்து வெளியே வந்தபோது, இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக நான் ஒரு யோக்கியமான காரியம் செய்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் மார்கரெட்டிடம் சொன்னேன். "நீ போய்ட்டு வா. நான் பிறகு ஒருநாள் வரேன்" என்றாள். அதற்கும் நிம்மதிதான் பட்டேன். வெட்கமாக இருக்கிறது.

6

ஊருக்குப் போகக் காகிதம் வாங்கப் போன கதையைத் தனியாகவே எழுதலாம். நான் வந்தபோது இருந்த தேசம் இப்போது இல்லை, இந்தியா தனி நாடாகிவிட்டது.

"நீங்கள் இந்தியரா, பிரிட்டிஷ்காரரா?" என்று கேட்டார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்.

"கப்பலில் ஏறும்போது பிரிட்டிஷ் பிரஜை சார். இறங்கும்போது காய்ச்சல்."

அவர் சிரிக்கவில்லை. பிறந்த ஊர் என்ற கட்டத்தில் உடையார்பாளையம் தாலுகா என்று எழுதச் சொன்னேன். பாதியில் கட்டம் முடிந்துவிட்டது. "இவ்வளவு பெரிய ஊரா?" என்றார். "ஊர் சின்னது சார், பேர்தான்" என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை. வேறொரு ஜன்னலுக்கு அனுப்பினார். அங்கிருந்து வேறொரு ஊருக்கு அனுப்பினார்கள். நான் கப்பலேறுவதற்குள் பூங்காவனத்தின் கழுத்தில் தாலி ஏறிவிட்டது.

7

அரியலூர் ஸ்டேஷனில் அய்யாக்கண்ணு வந்து காத்திருந்தார். நான் இறங்கியதும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"வாங்க மச்சான், வாங்க! உங்களாலதான் காரியம் முடிஞ்சுது."

ஜெயங்கொண்டம் வழியாகப் பஸ்ஸில் போகும்போதே ஸ்விட்ச் கதையைச் சொன்னேன். பஸ்ஸே சிரித்தது. ஆண்டிமடத்தில் வீட்டு வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். இன்னொரு தடவை சொன்னேன். காதில் குழல் மாட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்த மாதிரி நடித்தும் காட்டினேன்.

அய்யாக்கண்ணு தொடையில் தட்டினார். "நல்லவேள கண்டுபுடிச்சீங்க மச்சான். இல்லாட்டி இந்தப் பொண்ணு காடே கதின்னு கெடந்திருக்கும். பொம்பளப் புள்ளைக்கு முந்திரிக் காட்டுல என்னா வேல? இப்ப நான் பாத்துக்கறேன்."

அக்கா உள்ளே இருந்தாள். சிரிப்புச் சத்தத்துக்கு வெளியே வரவில்லை. சாப்பாடு போட்டாள். மரகதம் சௌக்கியமா என்றாள்.

எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று வந்தவன் நான். "அக்கா, மரகதம் வெள்ளைக்காரி" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள். குழம்பை ஊற்றினாள். இத்தனை வருஷம் நான் கட்டிக் காத்த பெரிய ரகசியத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

மறுநாள் காட்டுக்குப் போனேன். பழம் விழும் மாசம். கூலிக்காரர்களிடம் அய்யாக்கண்ணு கத்திக்கொண்டிருந்தார். அக்கா ஓரமாக மரத்தடியில் கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள், சொந்தக் காட்டில் கூலிக்கு வந்தவள் மாதிரி. அவரிடம் கேட்டுத்தான் கூடையை எடுத்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

8

பெரம்பலூர் போய் அங்கிருந்து பஸ் பிடித்துப் பாடாலூர் போனேன். பூங்காவனத்தின் வீடு ரோட்டோரம். மாப்பிள்ளை நல்ல மனுஷன். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, மாமனும் மருமகளும் பேசட்டும் என்று பருத்தி மூட்டை பார்க்கப் போய்விட்டார்.

மோர் கொண்டுவந்து கொடுத்தாள். முந்திரித் தோல் எண்ணெய் பட்டுக் கருத்த விரல்கள் இன்னும் முழுசாக வெளுக்கவில்லை.

"அந்தச் சத்தத்த இங்க கேக்க முடியுமா மாமா?"

"நம்ம பக்கம் அது வராதுன்னு துரை சொல்றாரும்மா. ஏன்னு அவருக்கே தெரியல."

"எப்புடி இருக்கும்?"

சீழ்க்கையடித்துக் காட்டினேன். குருவிக் கூட்டத்தையும் செய்து காட்டினேன். "நம்ம காட்டுல விடியக்காலம் கேக்குமே, அது மாதிரியே" என்றேன்.

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அப்பா செத்ததுலேந்து அந்தக் காட்ட நான்தானே மாமா பாத்துக்கிட்டேன். யாவாரிகிட்ட வெல பேசுறது, ஆள் கூப்புடுறது எல்லாம். சித்தப்பாவுக்கு அது புடிக்கல. என்னைய வெளியூர்ல கட்டிக் குடுத்துட்டா காடு அவரு கைக்கு வந்துடும்ல. அம்மா வாயத் தொறந்து வேணாம்னு சொல்ல முடியல. எழுதறதும் அவரு, படிக்கிறதும் அவரு. அதான் தாய்மாமன் உத்தரவுன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு."

"அது எதுக்கும்மா?"

"நீங்கதானே மாமா எழுதியிருந்தீங்க, சீமையில செவுத்துல பல்லிகூடக் கெடையாது, வூடே வெறிச்சுன்னு இருக்குன்னு. பல்லியே இல்லாத ஊருல உத்தரவு எங்கேந்து கெடைக்கும்? காலத்துக்கும் கெடைக்காதுன்னு அம்மா நெனச்சுச்சு."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உங்க மொதத் தந்தி வந்தன்னிக்கு சித்தப்பா அத வாசல்ல நின்னு படிச்சாரு. அம்மா உள்ள போயி வாயில துணிய வச்சிக்கிட்டு சிரிச்சுச்சு மாமா. அப்பா செத்ததுக்கப்புறம் அது சிரிச்சு நான் அன்னிக்குத்தான் பாத்தேன்."

"எனக்குத் தெரியாதேம்மா..."

"உங்களுக்கு எப்புடித் தெரியும்? எங்க வூட்டுக்காரரு நல்லவருதான் மாமா, அதுல ஒன்னும் கொறையில்ல. காடுதான் போச்சு. இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டுமா?"

ஊற்றினாள். குடித்தேன். அந்த மோரைக் குடித்ததற்கு இன்றுவரை எனக்கு மன்னிப்பு கிடையாது என்று நினைக்கிறேன்.

9

அய்யாக்கண்ணுவிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். "காட்ட அக்காகிட்டயே வுட்டுடுங்க" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. "உங்க உத்தரவுலதான மச்சான் எல்லாம் நடந்துது? வூட்டுல ஆம்பள இல்ல, பொண்ணும் போயிடுச்சு. நான் பாக்காம யாரு பாக்குறது? நீங்க வந்து இருந்து பாக்குறீங்களா?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். காது கொடுத்துக் கேட்க எனக்கு இங்கே ஒரு வானம் இருக்கிறது, மார்கரெட் இருக்கிறாள், தட்டில் சோறு வைத்தால் போதும் என்று சொல்ல ஒருத்தி இருக்கிறாள்.

நான் கிளம்பிய அன்று அக்கா அரியலூர் ஸ்டேஷன்வரை வந்தாள். ரயில் வரும்வரை பக்கத்தில் நின்றாள். நான் பொறுக்க மாட்டாமல் ஆரம்பித்தேன்.

"என்னோட வந்துடு அக்கா. அங்க நான் இருக்கேன், மரகதம் இருக்கா."

"அங்க முந்திரி காய்க்குமா?"

"காய்க்காது."

"அப்புறம் எதுக்குடா?"

ரயில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழாமல் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, "தப்பு பண்ணிட்டோமேன்னு மனசு அடிச்சுக்கிச்சு அக்கா. சரி பண்ணணும்னுதான் ரெண்டாவது தந்தி அடிச்சேன்" என்றேன்.

அக்கா என்னை நேராகப் பார்த்தாள்.

"மொதத் தந்திய என் தம்பி அடிச்சான். ரெண்டாந் தந்திய எவனோ அடிச்சான்டா."